லாரி நிற்கிற நேரம் யார் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுகிறவர்களின் வேலை நேரக் கணக்கை, அதாவது லாக்கை, சென்னையில் உட்கார்ந்து சரிபார்க்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. அப்படி ஓர் அலுவலகத்தில் இரவுப் பணியில் இருப்பவன் நான். அந்தக் கணக்கில் அதிகத் தகராறு வருகிற இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். லாரி ஓடாமல் நிற்கிற நேரம் அது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த டிரைவர், அப்புறம் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். ஆனால் வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரம் கடந்துவிட்டால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. நடுவில் சாப்பிட்டாலும் கண்ணயர்ந்தாலும் இந்த 14 பொதுவாக நிற்காது. இதோடு, பெரும்பாலான கம்பெனிகளில் 8 நாளில் 70 மணி நேர வேலை என்ற வரம்பும் உண்டு.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். டிரைவர் காலை 6 மணிக்கு வண்டியைச் சோதித்துவிட்டு ஆறரைக்குக் கிளம்புகிறார். எட்டரைக்குக் கிடங்கு வாசலில் நிற்கிறார். சரக்கு ஏற்ற 9 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் லாரியை ஒட்டி நிறுத்திச் சரக்கு ஏற்றுகிற கதவு கிடைப்பது பகல் 1 மணிக்கு; ஏற்றி முடிய 2 ஆகிறது. அவர் ஓட்டியது 2 மணி நேரம்தான், இன்னும் 9 மணி நேரம் பாக்கி. ஆனால் 14 மணி நேரம் இரவு 8 மணிக்கு முடிந்துவிடும். ஆக, ஓட்டக் கிடைப்பது 6 மணி நேரம். மைல் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குப் போன 3 மணி நேரம் போனதுதான்.

சரி, அந்தக் காத்திருப்பை லாக்கில் எப்படி எழுதுவது? லாக்கில் நான்கு கோடுகள் உண்டு: ஓய்வு, லாரிக்குள் இருக்கிற படுக்கை, ஓட்டுதல், ஓட்டாத வேலை. வேலைக்குத் தயாராக இருக்க வேண்டிய நேரம் முழுவதும் வேலை நேரம்தான் என்கிறது விதி. எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுபட்டு, தன் விருப்பப்படி இருக்க முடிந்தால்தான் ஓய்வு. "கூப்பிட்டதும் வண்டியை நகர்த்து" என்று சொல்லி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தால் அது வேலை. "3 மணி நேரம் ஆகும், போய்ப் படுங்கள்" என்று உண்மையாகவே விட்டுவிட்டால் ஓய்வு.

நடைமுறையில் பலரும் 70 மணி நேரத்தை மிச்சப்படுத்த எல்லாக் காத்திருப்பையும் ஓய்வு என்றே போட்டுவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த நிலைமைக்கு அவர்களைத் தள்ளுகிறவர்கள் மேல்தான் வருகிறது. ஆறு மணி நேரம் கண்ணைக் கொட்டாமல் கதவு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், காகிதத்தில் மட்டும் ஓய்வெடுத்தவராகி, இரவில் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்.

2017 டிசம்பரில் மின்னணு லாக் கருவி கட்டாயமானது. வண்டி நகர்ந்தால் அதுவே ஓட்டும் நேரம் என்று பதிந்துவிடும். வண்டி நின்று 5 நிமிடம் ஆனதும் டிரைவரைக் கேட்கும். அடுத்த ஒரு நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஓட்டாத வேலை என்று மாற்றிவிடும். ஆனால் நின்ற நேரத்தில் அந்த மனிதர் தூங்கினாரா, விழித்திருந்தாரா என்று கருவிக்குத் தெரியாது.

2020 செப்டம்பரில் வந்த மாற்றம் ஓரளவு உதவியது. குறைந்தது 2 மணி நேர ஓய்வையும், படுக்கையில் குறைந்தது 7 மணி நேரத்தையும், இரண்டும் சேர்ந்து 10 வருகிற மாதிரி எடுத்தால், இரண்டுமே அந்த 14-இல் சேராது. கிடங்கில் 3 மணி நேரம் நிஜமாகவே படுத்தவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இடையில் எழுப்பி, வண்டியைப் பத்தடி முன்னால் எடுக்கச் சொன்னால் அந்த ஓய்வு அறுந்துவிடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

14 மணி நேரக் கடிகாரத்தை 3 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம் என்ற யோசனை 2019-இல் முன்வைக்கப்பட்டு, 2020 விதியில் கைவிடப்பட்டது. கிடங்குத் தாமதத்தை மறைக்க அந்த நிறுத்தத்தைப் போடச் சொல்லி டிரைவரை நெருக்குவார்கள் என்ற அச்சமும் அப்போது பேசப்பட்டது. நான் பார்க்கிற லாக்குகளை வைத்துச் சொல்கிறேன், அந்த அச்சம் நியாயமானது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. கிடங்கில் நிற்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடலாம் என்கிறது அது. அப்படியிருந்தும் முதல் 2 மணி நேரக் காத்திருப்புக்குப் பணம் தராததுதான் அங்கே வழக்கம். அதற்கு மேல் தரும் 'டிடென்ஷன்' தொகையும் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்வதற்கென்றே கட்டப்பட்ட வண்டிகளின், தனிப் பயிற்சி பெற்ற டிரைவர்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை அவர்கள் ஓய்வு என்று போட்டுக் குறிப்பு எழுதலாம், அல்லது 'காத்திருப்பு' என்று ஐந்தாவதாக ஒரு கோடே போடலாம். அந்த நேரம் 14-இல் சேராது. கிணற்றுக்கு மணலும் தண்ணீரும் கொண்டுபோகும் சாதாரண லாரிக்கு இது கிடையாது.

அந்த ஐந்தாவது கோடு எல்லா லாரிக்கும் வேண்டும் என்பது என் கருத்து. சலுகையைக் கேட்கவில்லை, வேலை நேரமாகவே எண்ணட்டும். எந்தக் கிடங்கு எத்தனை மணி நேரம் நிறுத்தி வைத்தது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதுவரை, லாக் பார்க்கும் நண்பர்களே, டிரைவரை அழைத்து வாசலுக்கு வந்த நேரம், கதவு கிடைத்த நேரம், வெளியே விட்ட நேரம் மூன்றையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். டிடென்ஷன் கேட்கும்போது அவர் கையில் இருக்கிற ஆதாரம் அதுதான்.

நன்றி, வணக்கம்.