அக்கவுண்ட்ஸ் வேலை தேடறவங்களுக்கு, ரங்கூன்லேருந்து

வணக்கம் மக்களே. ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தா, அக்கா எல்சிசிஐ, அதான் லண்டன் சேம்பர் நடத்தற அக்கவுண்ட்ஸ் பரீட்சை, அதுல லெவல் த்ரீ முடிச்சிட்டேன், எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறாங்க, வீட்லயும் நிலைம சரியில்ல, இந்த லைனையே விட்டுடலாமான்னு. வேணாம்மா. ஏன்னு சொல்றேன் கேளு.

எனக்கு மொத வேல 2020 ஆரம்பத்துல ஒரு ட்ராவல் ஆபீஸ்ல கிடைச்சுது. மார்ச் கடைசில கொரோனாவால வெளிநாட்டு ஃப்ளைட் எல்லாம் நின்னுச்சு, ஆபீஸையும் மூடிட்டாங்க. வேற தேடலாம்னு இருக்கும்போதே 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சிய புடிச்சுது, அத நான் சொல்லணும்னு இல்ல. அந்த வருஷமே ஜூலைல கொரோனா மூணாவது அலை, ஊரே ஆக்சிஜன் சிலிண்டரோட க்யூவுல நின்னுச்சு, நானும் தம்பியும் நின்னோம், அப்பா போயிட்டாரு. இதுக்கு மேல என்னால அத பேச முடியாது.

மாமா ஒருத்தர் பயின்னவுங் மார்க்கெட்ல பருப்பு யாவாரம், உளுந்து துவரை வாங்கி எக்ஸ்போர்ட்காரங்களுக்கு குடுப்பாரு. இந்தியால பாக்கறவங்களுக்கு சொல்றேன், உங்க வீட்டு இட்லி மாவுல எங்க ஊரு உளுந்தும் இருக்கலாம். வீட்ல அழுதுகிட்டு உக்காந்திருக்காத, வந்து என் நோட்ட பாருன்னாரு. சம்பளம் பெருசா இல்ல, அரிசி எண்ணெய்க்கு ஆச்சு.

ஆனா அந்த நோட்டுல இருந்த கணக்கு எந்த க்ளாஸ்லயும் நான் பாக்காதது. சரக்கு வீசைல வரும், எங்க ஊருல ஒரு வீசை சுமாரா 1.63 கிலோ, எக்ஸ்போர்ட்காரங்க டன்ல கேப்பாங்க, டன்னுக்கு 612 வீசை, அதுக்குள்ள மூட்டைல ஈரம் காஞ்சு எடை வேற குறையும். அத விட பெரிய தலைவலி பணம். அப்போ பேங்க்ல இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, ஏடிஎம்ல விடியறதுக்குள்ளயே க்யூ, அக்கவுண்ட்ல இருக்கிறத ரொக்கமா மாத்தணும்னா ஏஜெண்டுக்கு கமிஷன் குடுக்கணும், 10 லட்சம் கியாட், அதான் எங்க ஊரு காசு, அனுப்பினா கைக்கு 10 லட்சம் வராது. மாமா நோட்டுல அந்த கமிஷன் எங்கயுமே இல்ல. நோட்டுல லாபம் காட்டும், பெட்டில காசு இருக்காது, அவரும் கடைப் பசங்கள சந்தேகப்பட்டுகிட்டு இருந்தாரு பாவம். நான் கேஷ் புக்ல ரொக்கத்துக்கு ஒரு பக்கம், பேங்குக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு, கமிஷன தனி செலவா எழுத ஆரம்பிச்சேன். மாசக் கடைசில ரெண்டும் டேலி ஆச்சு. மாமா கண்ணாடிய கழட்டி துடைச்சு திரும்ப போட்டுகிட்டு, ஒவ்வொரு வரியா விரல வச்சு பாத்தாரு.

நடுவுல இன்டர்வியூ போய்ட்டுதான் இருந்தேன். ஒரு எடத்துல கல்யாணம் ஆனா நீ நின்னுடுவன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அப்போ கரண்ட் 4 மணி நேரம் இருந்தா 4 மணி நேரம் இருக்காது, சார்ஜ் லைட்ட வச்சுகிட்டுதான் லெவல் த்ரீக்கு படிச்சேன்.

இப்ப இருக்கிற கம்பெனி இன்டர்வியூல, பேங்க் பேலன்ஸ் ஒண்ணு கைல இருக்கிறது ஒண்ணா இருந்தா எங்கேருந்து தேடுவன்னு கேட்டாங்க. மாமா கடைல செஞ்சத அப்படியே சொன்னேன், பேப்பர் வாங்கி எழுதியும் காட்டினேன். வேல கிடைச்சுது.

நம்மாளுங்க நிறைய பேரு கடை கணக்க வேலைன்னே சொல்றதில்ல, பயோடேட்டால மறைச்சுடறாங்க. எனக்கு அதுல கோவமே வரும். மருந்துக் கடையோ டீக்கடையோ, சொந்தக்காரங்க கடையே ஆனாலும், எந்த மாசத்துலேருந்து எந்த நோட்ட எழுதின, என்னத்த சரி பண்ணினன்னு தெளிவா போடு, அதுதாம்மா உன் எக்ஸ்பீரியன்ஸ். வீட்ல துக்கம்னா கொஞ்ச நாள் நோட்ட தொடலன்னாலும் பரவால்ல, நானும் தொடல.

அடுத்த வீடியோல அந்த ரெண்டு பக்க கேஷ் புக்க எழுதிக் காட்டறேன், கோடு போட்ட நோட்டு ஒண்ணு, ஒரு பென்சில், ஸ்கேல் எடுத்து வச்சுக்கோ.