மெத்தில் புரோமைடு: வானத்தைப் பார்த்து எழுதிய சட்டம்

நேயர்களுக்கு வணக்கம். கப்பலில் சரக்கு வந்திறங்கும் மரத்தட்டுகளின் ஓரத்தில் கோதுமைக் கதிர் பொறித்த ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘ஹெச்டி’ என்றிருந்தால், மரத்திலுள்ள பூச்சி சாக, அதன் உள்வரை 56 பாகை சூடு ஏற்றி அரை மணி நேரம் வைத்திருந்தார்கள் என்று பொருள். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியிருக்கிறார்கள்.

உலகம் கைவிட்டதாகச் சொல்லப்படும் விஷவாயு இது. நிறமில்லை, ஆபத்தான அளவிலும் வாடை பிடிபடாது. அதனால்தான் கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினைக் கொஞ்சம் கலப்பார்கள். காற்றைவிட மூன்று மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கிவிடும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்; பிறகுதான் நரம்புகளில் வேலையைக் காட்டும். ஆனால் மண்ணுக்குள் செலுத்திப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டால் நூற்புழு, பூஞ்சை, களைவிதை எல்லாம் ஒரே வீச்சில் ஒழியும். கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்கள் இதை நம்பியே வளர்ந்தன.

இதை ஒழிக்க நாடுகள் கூடியது வயலில் நிற்பவருக்காக அல்ல, ஓசோன் படலத்துக்காக. ஓசோனைச் சிதைப்பதில் ஒரு புரோமின் அணு குளோரின் அணுவைவிடச் சுமார் 60 மடங்கு வல்லது. 1992-இல் கோபன்ஹேகனில் இது, ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் வந்தது. வளர்ந்த நாடுகளுக்கு 2005, வளரும் நாடுகளுக்கு 2015 என்று 1997-இல் கெடு வைத்தார்கள். 2005 வந்தது. ‘இன்றியமையாப் பயன்பாடு’ என்ற பெயரில், 1991-இல் பயன்படுத்தியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்கா விலக்குப் பெற்றது! ஸ்ட்ராபெரிக்கு அந்த விலக்கு 2016 வரை நீடித்தது.

மாற்றாக அங்கே 2007-இல் அனுமதி பெற்றது மெத்தில் அயோடைடு. ஓசோனுக்குப் பெரிய கேடில்லை. மனிதருக்கோ கடும் நஞ்சு. எதிர்ப்பு வலுத்து, 2012-இல் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்தினார். வானத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

இன்னொரு விலக்குக்குக் கெடுவே கிடையாது. பூச்சி நாடு தாண்டாமலிருக்க, ஏற்றுமதிக்கு முன்னும் துறைமுகத் தனிமைப்படுத்தலிலும் போடும் புகையை ஒப்பந்தம் கட்டுப்படுத்தவில்லை. முத்திரையில் இன்னும் ‘எம்பி’ இருப்பது அதனால்தான். வேலை முடிந்ததும் அந்த வாயுவைப் பெரும்பாலும் காற்றில்தான் திறந்துவிடுகிறார்கள்.

கரியில் உறிஞ்சிப் பிடிக்க வழி உண்டு, செலவு அதிகம். அதைப் பிடித்தே ஆகவேண்டும் என்று 2010-இல் நியூசிலாந்து பத்தாண்டுக் கெடு வைத்தது. கெடு நெருங்கியபோது தொழில்துறையினர் நீட்டிப்புக் கேட்டார்கள். கிடைத்தது.