மாவுக்கட்டுப் போட்ட கைக்கு யார் உதவி?

நடுவர் அவர்களே, மழையையும் பார்க்காமல் இந்த பட்டர்வொர்த் மண்டபத்துக்கு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'பிள்ளைகள் நோயில் விழும்போது குடும்பத்தைத் தாங்கி நிற்பது பெற்றோரின் மன உறுதியா, அக்கம்பக்கத்தாரின் துணையா?' என்பது இன்றைய தலைப்பு. அக்கம்பக்கத்தாரின் துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஐயா, "தன் கையே தனக்கு உதவி, பெற்றவள் துணிந்து நின்றால் போதும்" என்றார். துணிச்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எவ்வளவு தூரம் வரும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இங்கே பக்கத்தில் பிறை ஊரில் ஒரு ஃபிளாட்டில், நான்காவது மாடியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஜொகூருக்குச் சரக்கு ஏற்றினால் திரும்பி வர இரண்டு நாள் ஆகும். எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. 1972-ல் அந்தத் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்தக் கரைப் பெண்கள் அந்தக் கரைக்கு வேலைக்குப் போகிறோம். முதலில் பெர்ரிப் படகில், 1985-க்கு அப்புறம் பாலத்தில். காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். 13.5 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டிவிட்டால், வீட்டில் பிள்ளை அழுகிறான் என்று நினைத்த நேரத்தில் ஓடி வர முடியாது.

போன தீபாவளிக்கு முந்தைய மாதம். சின்னவனுக்கு மூன்றரை வயது. சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கவே இல்லை. எச்சிலைக்கூட விழுங்க மாட்டாமல் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துகொண்டே இருந்தது. தொண்டை வலி என்று நினைத்துக் கைவைத்தியம் செய்துகொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், வந்ததும் அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கைபேசி விளக்கை அடித்து உள்ளங்காலைப் பார்த்தார். துவரம்பருப்பு அளவில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். கை கால் வாய்ப்புண் நோய். மூன்று பேரப்பிள்ளைகளுக்கு வந்து பார்த்தவர் அவர். பெற்றவள் நான், இரண்டு நாளாகத் தூக்கி வைத்திருந்தும் அந்தப் பாதத்தைப் பார்க்கவில்லை.

என் மாமியார் போனில் "அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டு" என்றார். கட்டினேன். கிளினிக்குக்கும் போனோம். இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது, தண்ணீர் இறங்க வேண்டும், எத்தனை தடவை சிறுநீர் போகிறான் என்று எண்ணுங்கள் என்றார் டாக்டர். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். தூக்கத்தில் திடுக் திடுக்கென்று உதறினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும் நோய்தான். ஆனால் 1997-ல் சரவாக்கில் இது பரவியபோது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். என்டரோவைரஸ் 71 என்ற வகை மூளையைத் தாக்கும்.

நடுவர் அவர்களே, இதைக் கேட்டுவிட்டு வந்த தாய் ராத்திரி தூங்குவாளா? தூங்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் ராத்திரி முடிந்தது. இரண்டாவது ராத்திரி மூன்று மணிக்கு, பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே தூங்கிப்போனேன். மன உறுதிக்கு என்னிடம் குறைவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து மக்சிக் பத்து மணிக்கு வந்து இரண்டு மணி வரை முழித்திருப்பார், அதற்கு மேல் நான். ஆறவைத்த பார்லித் தண்ணீரை, டீ ஸ்பூனில் பாதி பாதியாக, கன்னத்தின் ஓரமாக விடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நாக்கில் பட்டால் புண் எரியும், கன்னத்தில் விட்டால் அவன் அறியாமலே இறங்கிவிடும்.

எதிரணி அம்மா ஒருவர், "தொற்றுநோய் என்றால் அக்கம்பக்கம் கதவைச் சாத்திக்கொள்ளும்" என்றார். சாத்தத்தான் செய்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணிடம் நான்கு மாதக் கைக்குழந்தை. அவள் வராமல் இருந்ததே சரி. ஆனால் தினமும் மத்தியானம் எங்கள் கிரில் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே கஞ்சி, சூடு ஆறாமல் துணியில் சுற்றியிருக்கும். ஒருநாள் பையோடு ஒரு கட்டி சோப்பும் இருந்தது. இந்த வைரஸுக்கு சானிடைசர் சரியாகக் கேட்காது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்று போனில் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டும் துணையாக இருக்க முடியும், அம்மா.

லீவுக் கணக்கையும் சொல்ல வேண்டும். கொப்புளம் காய்ந்து ஆறும்வரை, ஏழிலிருந்து பத்து நாள், பாலர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். நம் மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாத என்னைப் போன்றவர்களுக்கு வருடாந்தர விடுமுறை குறைந்தது 8 நாள். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு நமக்கு நோய் வந்தால்தான். பிள்ளைக்கு வந்தால் அதற்கென்று அந்தச் சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. ஒரே ஒரு நோய்க்கு என் ஒரு வருஷ லீவு போதவில்லை. என் மன உறுதியைக் காட்டி மேலாளரிடம் ஒன்பதாவது நாளைக் கேட்க முடியுமா?

அந்த ஒன்பதாவது நாள்தான் மூத்தவள் விழுந்தாள். நான் வேலையில், மக்சிக் சின்னவனோடு. பள்ளி விட்டு வந்தவள் மாடிப்படி ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி கடையை அப்படியே மகனிடம் விட்டுவிட்டு, அவள் கையை ஒரு மடித்த செய்தித்தாளில் வைத்துத் துண்டால் கட்டி, தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பாலம் தாண்டி வந்து சேர்ந்தபோது எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. பச்சைக் குச்சி வளைந்து ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, சின்னப் பிள்ளைகளின் எலும்பு அப்படித்தான் முறியுமாம். மாவுக்கட்டுப் போட்டார்கள். கையை உயர்த்தியே வையுங்கள், விரல் நுனி வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே வாருங்கள் என்றார்கள்.

தன் கையே தனக்கு உதவி என்றீர்களே, ஐயா. என் மகளுக்கு முறிந்தது வலது கை. ஐந்து வாரம் கட்டு. சட்டைப் பித்தான் போட முடியாது, சடை பின்ன முடியாது, பென்சில் பிடிக்க முடியாது. காலை ஐந்தரைக்கு நான் பஸ் ஏறியாக வேண்டும். அந்த ஐந்து வாரமும் ஆறு மணிக்கு அவளை எழுப்பி, கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டு, தண்ணீர் ஊற்றி, சீருடை மாட்டி, இரட்டைச் சடை போட்டு அனுப்பியது எதிர் வீட்டுப் பெண். சின்னவனின் புண் ஆறியதும் முதல் ஆளாகக் கதவைத் திறந்தவள் அவள்தான். இடுப்பில் தன் குழந்தை, கையில் என் மகளின் சீப்பு.

கட்டுப் பிரித்து இப்போது பல மாதம் ஆகிறது. என் மகள் தானே சடை போட்டுக்கொள்கிறாள். நடுவர் அவர்களே, நான் இங்கே நின்று பேசும் இந்த நேரத்திலும் பிள்ளைகள் இரண்டு பேரும் மக்சிக் வீட்டில்தான் இருக்கிறார்கள். சின்னவனுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்துவிடும். தீர்ப்பைக் கேட்டதும் நான் கிளம்ப வேண்டும். வணக்கம்.