மொட்டைக் கிள்ளும் மனசு வேண்டும்

வணக்கம். முதன்முதலாகக் கண்காட்சிக்கு ஆப்பிரிக்கன் வயலட் என்ற சின்னத் தொட்டிப் பூச்செடியைக் கொண்டுவருகிறவர்கள் பூவைத்தான் காட்டுவார்கள், ஆனால் நடுவர் கண் முதலில் போவது இலைக்கு. அமெரிக்காவின் ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் வைத்திருக்கும் முறையில், ஒற்றைத் தலைச் செடிக்கு, அதாவது ஒரே நடுவிலிருந்து இலைகள் சுற்றி விரியும் செடிக்கு, 100 மதிப்பெண் என்றால் இலையடுக்கு ஒழுங்குக்கு மட்டும் 30, பூவின் நிறத்துக்கு 10 தான். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. நிறம் ரகத்தோடு வருவது, இலையடுக்கு வளர்ப்பவர் கையில் வருவது.

பேர்தான் வயலட், வயலட் குடும்பமே இல்லை, இதன் தாவரக் குடும்பம் ஜெஸ்னீரியேசி. 1892-ல் உசம்பரா மலையிலிருந்து, இன்றைய தான்சானியா, அங்கே அதிகாரியாக இருந்த ஜெர்மானியர் வால்டர் வான் செயின்ட் பால் ஜெர்மனிக்கு விதை அனுப்பினார். அந்த மலையில் நிழலில், பாறை இடுக்கில் வளர்ந்த செடி. அதனால் உச்சி வெயிலும் ஆகாது, ஈரம் தேங்கும் மண்ணும் ஆகாது. தொட்டியைச் சின்னதாகவே வையுங்கள், செடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை கால் சுற்று திருப்பி வைத்தால் இலைகள் ஒரே பக்கம் சாயாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இலைக்காம்பின் மடியில் அரிசி அளவுக்கு ஏதோ முளைத்திருந்தது, மொட்டு என்று ஆசையாக விட்டுவைத்தேன், அது பக்கக் கன்று, ரெட்டைத் தலை ஆகிப்போய் ஒற்றைத் தலைப் பிரிவிலேயே சேர்க்கவில்லை. அன்றைக்கு வீடு வரைக்கும் நான் பேசவே இல்லை. இப்போதெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பது: சின்ன இலைகளாக விரிந்தால் கன்று, மெல்லிய காம்போடு வந்தால் மொட்டு. கன்றைப் பென்சில் முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மொட்டு. கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்வரை, அடுக்குப்பூ என்றால் எட்டு வாரம், வருகிற மொட்டையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். கை வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் கிள்ளக் கிள்ளச் செடி தன் பலத்தை இலையில் போடும், விட்ட பிறகு ஒரே சமயத்தில் தலை நிறையப் பூக்கும்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மெல்லிய தூரிகையால் இலைத்தூசியைத் தட்டிவிடுங்கள். அடிவரிசையில் கழற்றும் நல்ல இலைகளை எறியாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். காம்பை மண்ணில் செருகினால் ஒரு இலையிலேயே நாலைந்து குட்டிச்செடி வரும், செடி வளர்க்கப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த இலைகளுக்காக வாசலில் காத்திருப்பார்கள்.