செடிக்காகத் தண்ணீர் லாரி கூப்பிடாதீர்கள்

(சென்னை மாடித்தோட்டக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த வெயிலிலும் நாற்காலி போதாமல் நிற்கிறீர்கள், சந்தோஷம்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தெருவில் குடத்தோடு வரிசை நிற்கும்போது மாடியில் தக்காளிக்குத் தண்ணீர் விட யாருக்குத்தான் மனசு வரும்? ஆனாலும் தோட்டத்தைக் காப்பாற்றியவர்கள் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலை முடித்த தண்ணீரை அவர்கள் மாடிக்கு ஏற்றினார்கள்.

கணக்கைப் பாருங்கள். மண் நிரப்பிய பையில் காய்ப்புக்கு வந்த தக்காளிச் செடி ஒன்று, சித்திரை வெயிலில் நாளைக்கு இரண்டு லிட்டர் வரை கேட்கும். குடிநீரைச் சுத்திகரிக்கும் வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் பத்து லிட்டர் பிடித்தால் இருபது லிட்டராவது சிங்க்கில் போகிறது. பத்துப் பைக்கு அது தாராளம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். ஆர்.ஓ. கழிவில் உப்பு அதிகம். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வரும் வீடென்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம்; போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கழிவு இன்னும் மோசம். முதலில் இலை நுனி கருகும். பிறகு பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைப் போடுவோம். அதுவும் உப்புதான், செடி போயே போய்விடும். பீன்ஸ் இந்தத் தண்ணீரைத் தாங்கவே தாங்காது. தக்காளி, கத்தரி ஓரளவு தாங்கும். கொத்தவரை கெட்டிக்காரச் செடி, அதை நம்பி விதைக்கலாம். ஒருநாள் ஆர்.ஓ. கழிவு நீர், மறுநாள் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் என்று மாற்றி மாற்றி விடுங்கள்.

மழைத்தண்ணீரை உப்பைக் கழுவுவதற்கென்று ஒதுக்குங்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் பல வீடுகளில் மண்ணுக்குள் போகிறது, போகட்டும். நடுவில் ஒரு டிரம்மை வைத்து, கொசு புகாமல் வலை கட்டுங்கள். அந்தத் தண்ணீரைப் பைக்கு அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றினால் உப்பு இறங்கிவிடும்.

ஈரம் காயாமல் மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு பற்றி நீட்டி முழக்க வேண்டாம். நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை, போதும். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் மேற்பூச்சு இல்லாத சின்ன மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். மண் காயக் காயத் தானே கசிந்து கொடுக்கும். இருபது பைக்குச் சொட்டுநீர் செட் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் செலவு. காலையில் ஒரு சொம்போடு போனால் பூச்சியையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று சொன்னால் கோபிப்பீர்கள். மே மாதத்தில் பாதிப் பைகளைக் காலியாக விடுங்கள். வயல்காரர் கோடையில் தரிசு போடுவதில்லையா? நமக்கு மட்டும் வெறும் பையைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

வீட்டு ஆர்.ஓ. கழிவைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே, எடுத்து வந்தவர்கள் இடதுபக்க மேசைக்கு வாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டு யார் எதை விதைப்பது என்று பேசுவோம்.