கிணற்றடியில் விரித்த கையேடு

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரள எல்லையோரம். கோவையில் பம்புசெட்டுகளுக்குக் கையேடு எழுதுவது தொழில். இந்தத் தொழிலைப் பற்றி எங்கே பேசினாலும் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

பெரியப்பா புது மோட்டார் வாங்கியிருந்தார். கிணற்று மேட்டில் குத்தவைத்து, கையேட்டை மடியில் விரித்து, வரிமேல் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். 4-ஆம் பக்கத்தில் 'பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்றிருந்தது. அழுத்தினார். மோட்டார் சுற்றியது, தண்ணீர் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. தண்ணீரில்லாமல் ஓடி, பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது. ஓட்டுமுன் பம்பிலும் உறிஞ்சு குழாயிலும் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது 19-ஆம் பக்கத்தில், உத்தரவாத விதிகளுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "ஏன் சாமி, இதை முன்னாலேயே போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

எச்சரிக்கை இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

பெரியப்பாவின் கேள்வியோடு அலைந்தபோது அகப்பட்டதுதான் டிட்டா (DITA), கையேடுகளை ஒழுங்காக வகுத்து எழுதுவதற்கான ஒரு முறை. ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் கணினித் தகவல்களுக்கான தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. கையேட்டைத் தொடர்கதையாக எழுதாதே, தனித்து நிற்கும் தலைப்புகளாக எழுது என்கிறது. பம்பு எப்படித் தண்ணீரை இழுக்கிறது என்பது ஒரு வகை, விளக்கம். எப்படி ஓட்டுவது என்பது இன்னொன்று, செயல்முறை. எத்தனை குதிரைத்திறன், என்ன அளவுக் குழாய் என்பது தகவல் குறிப்பு. ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது செயல்முறை வகைதான். அதில் 'முன்தேவை' என்றே ஒரு பகுதி உண்டு. அதைப் படிகளுக்குப் பின்னால் வைத்தால், சரிபார்க்கும் மென்பொருள் ஏற்காது. எங்கள் வீட்டு சீல் பிழைத்திருக்கும்! ஆனால் முன்தேவை என்னவென்று யோசித்து எழுத வேண்டியவர் நாம்தான். அதற்குக் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மொழிபெயர்ப்பைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிட்டாவில் அந்த எச்சரிக்கையை ஒரே இடத்தில் எழுதி வைத்து, பத்து ரகப் பம்புகளின் கையேடுகளிலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் ஒரு வரப்புக்கு இந்தப்புறம் தமிழ் படிப்பார்கள், அந்தப்புறம் மலையாளம் படிப்பார்கள். மலையாளத்தில் அதை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், பத்துக் கையேடுகளிலும் அதுவே வந்துவிடும். வணக்கம்.