வெள்ளம் குடிக்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். தக்கலைப் பக்கம் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். "அண்ணே, வண்டி வெள்ளம் குடிக்குது", அதாவது ரேடியேட்டரில் ஊற்றிய வெள்ளம் குறைந்துகொண்டே போகிறது என்று யாராவது வந்து நின்றால், பெரும்பாலும் அது மாற்றம் செய்த வண்டியாக இருக்கும். எஞ்சின் மாறியிருக்கும், இல்லாவிட்டால் ரேடியேட்டரோ ஃபேனோ மாறியிருக்கும். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் ஊசி ஒரு இடத்தில் நிற்பதில்லை, ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

இதை இரண்டு கோளாறு என்று நினைத்துத் தனித்தனியாகச் செலவு செய்கிறார்கள். வெள்ளம் வெளியே போகிற அதே ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே வருகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி வெள்ளத்தை வெளியே தள்ளும். இரவில் ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி, ரிசர்வ் டப்பாவில் இருந்து வெள்ளத்தை இழுக்க வேண்டும். வழியில் ஒரு கசிவு இருந்தால் அங்கிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் மறுநாள் ஊசியை ஆட்டுகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஓடும் ஒரு ஜீப் வந்தது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஒரு காரின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே வாட்டர் பம்ப் புதிது, எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வும் புதிது. அப்படியும் சரியாகாததால் கடைசியில் அந்த வால்வையே கழற்றி எறிந்திருந்தார்கள். அதன்பின் நல்ல ரோட்டில் எஞ்சின் சூடாகவே இல்லை, டீசல் கூடுதலாகக் குடித்தது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் மட்டும் கொதித்தது.

பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். எஞ்சினின் மேல் வாய், ரேடியேட்டர் மூடியைவிட நாலு விரல் உயரத்தில் இருந்தது. அதுதான் காரியம். காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்த் தங்கும். இங்கே உயரமான இடம் அந்தத் தெர்மோஸ்டாட் வால்வு உட்காரும் கூடு. வால்வுக்குள் இருக்கும் மெழுகு ஏறக்குறைய 82 டிகிரியில் உருகத் தொடங்கி வால்வைத் திறக்கும். ஆனால் அதைச் சுற்றி வெள்ளம் இல்லாமல் காற்று நின்றால், சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஊசி ஏறிக்கொண்டே போகும், வால்வு திடீரென்று திறக்கும், ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த வெள்ளம் பாயும், ஊசி சடாரென்று இறங்கும், வால்வு மூடும். அப்புறம் பழைய கதைதான். குற்றவாளி வால்வு இல்லை. அதைக் கழற்றிப் போடும் வழக்கத்தை நம் பட்டறைகள் விட வேண்டும்.

வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைப்பது போல, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு டேங்க் வைத்தோம். எஞ்சினின் உச்சியில் இருந்தும் ரேடியேட்டர் உச்சியில் இருந்தும் மெல்லிய ஹோஸ் அந்த டேங்குக்கு. டேங்கின் அடியில் இருந்து தடித்த ஹோஸ், பம்ப் வெள்ளத்தை இழுக்கும் பக்கத்துக்கு. அழுத்த மூடி இப்போது டேங்கின் மேல். வால்வைத் திரும்பப் போட்டோம், அதன் சின்னத் துளை மேலே வரும்படி. கீழே திருப்பிப் போட்டால் அந்தத் துளையால் பயன் இல்லை, காற்று அதன் வழியே போகாது.

இனி கசிவு. மேல் ஹோஸ் ஒரு அலுமினியக் குழாயில் மாட்டியிருந்தது. அதன் வாயோரம் பச்சை கலந்த வெள்ளைப் பூச்சு, உப்பளத்து ஓரம் போல. காய்ந்த கூலன்ட் அது, வெள்ளத்தோடு கலந்து ஊற்றும் திரவம். குழாயின் விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்க வேண்டும், இதில் வழவழவென்று இருந்தது. கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் வரும்போது ஹோஸ் மெல்ல வழுக்கும். சிலிக்கான் ஹோஸாக இருந்தால், பல் வெட்டிய சாதாரண கிளிப் அதன் மேல்தோலை அறுத்துவிடும். உள்ளே வழவழப்பான பட்டை உள்ள கிளிப்தான் போட வேண்டும்.

சில கசிவு காலையில் மட்டும் தெரியும், எஞ்சின் சூடானால் நின்றுவிடும். அதனால் இரவில் வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். பட்டறையில் கேட்டால், அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டிச் சோதிப்பார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால் 0.9 பார் (bar) அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்குகிறது, வெளியே ஈரம் இல்லை என்றால் காலடி மிதியடிக்குக் கீழே ஹீட்டர் பக்கம் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்த 0.9 பார் அழுத்தத்தில்தான் வெறும் வெள்ளம்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் வெடித்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. சூடான வண்டியில் மட்டும் அதைத் தொட வேண்டாம், முகத்தில் கொதிநீர் அடிக்கும்.

மின்சார ஃபேன் மாற்றியவர்கள், வண்டியை நிறுத்தி ஃபேனை ஓடவிட்டு, ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்ட வேண்டும். ஃபேன் எஞ்சின் பக்கம் இருந்தும் தாள் தள்ளப்பட்டால், ஒயர் மாறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. இந்தச் சோதனையை ஆரல்வாய்மொழிக் கணவாயில் செய்யாதீர்கள். ஆனி, ஆடிக் காற்று தாளையும் ஏமாற்றும், ஊசியையும் ஏமாற்றும். நாகர்கோவிலில் இருந்து அங்கே போகும்போது முதுகுக்காற்று, திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஒரே வண்டி, இரண்டு ஊசி.

கடைசியாக வெள்ளம். குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் போர்வெல் வெள்ளத்தில் உப்பு இருக்கும். அதை ஊற்றினால் அலுமினியம் அரிக்கும், உள்ளே காறை பிடிக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. பச்சை, சிவப்பு என்று கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

அந்த ஜீப்பை முன்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றினோம். டேங்கில் பொட்டுப் பொட்டென்று குமிழி வந்துகொண்டே இருந்தது. அது முழுக்க நிற்கும்வரை மூடியைப் போடவில்லை. மறுநாள் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை போய்வந்தார்கள். எஞ்சின் ஆறிய பிறகு டேங்கைப் பார்த்தேன், நான் போட்ட கோட்டிலேயே இருந்தது. வணக்கம்.